அல்சூரில் ஒரு வண்டி எலக்ட்ரீஷியன்: பேட்டரியை விற்காமல் பழுதைக் கண்டுபிடித்த கடை

பெங்களூரு அல்சூரில் சோமேசுவரர் கோயிலைத் தாண்டி பஜார் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரண்டு வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய அகலத்தில் இருசக்கர வாகனங்களுக்கான எலக்ட்ரிக்கல் கடை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகர ஷட்டருக்கு மேல் கன்னடத்திலும் தமிழிலும் பெயின்ட்டால் எழுதப்பட்ட "பேட்டரி, வயரிங், காயில்" என்ற மூன்று சொற்களே அடையாளம். கடைக்காரருக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கம். உதவிக்கு ஓர் இளைஞர் இருக்கிறார். என் மோட்டார் சைக்கிள் மின்சாரம் முழுவதையும் இழந்து நடுச்சாலையில் மூன்றாவது முறையாக நின்றதற்கு மறுநாள் காலை, அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி அங்கே போனேன். அன்று அங்கே நடந்த சோதனையை வரிசை மாறாமல் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தக் கடைக்குப் போக முடியாதவர்களுக்கும் அது பயன்படும் என்று நம்புகிறேன்.

வண்டி 2014இல் வாங்கியது. 150 சிசி, கார்புரேட்டர் வகை, செல்ஃபும் கிக்கரும் உண்டு. கிக்கர் இருந்தால் பேட்டரி செத்தாலும் உதைத்துக் கிளப்பிவிடலாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்பார்க்குக்கு வேண்டிய மின்சாரம், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக வந்ததால், அந்த வண்டிகளைப் பொறுத்தவரை அது உண்மை. என் வண்டியில் இருப்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டி.சி. வகை சி.டி.ஐ. (ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி). ஆகவே வயரிங்கில் மின்சாரம் அற்றுப்போனால் விளக்கோடு சேர்ந்து எஞ்சினும் நின்றுவிடும்; எத்தனை உதைத்தும் பயனில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்பனையாகும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்தச் சார்பு இன்னும் அதிகம். அவற்றில் பெட்ரோலைத் தள்ளும் பம்பும் மின்சாரத்தை நம்பியே இருக்கிறது.

முதல் முறை வண்டி நின்றது பழைய மெட்ராஸ் சாலையில், ஒரு வேகத்தடையைத் தாண்டியபோது. சாவியைத் திருப்பினால் நியூட்ரல் விளக்குகூட வரவில்லை. பத்து நிமிடம் கழித்து, எதுவும் செய்யாமலே, எல்லாம் திரும்ப வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். அதற்கு மூன்று வயது ஆகியிருந்ததால் நானும் ஒப்புக்கொண்டு 1,650 ரூபாய் கொடுத்து மாற்றினேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு இந்திராநகரில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது மறுபடியும் அதே இருட்டு. இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக், மேக்னட் காயில் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபயர் சரியாக சார்ஜ் செய்யவில்லை என்று சொல்லி 950 ரூபாய்க்குப் புதியது போட்டார். பன்னிரண்டு நாள் ஓடியது. மூன்றாவது முறை ட்ரினிட்டி சந்திப்பில், மழையில், இரவு ஒன்பதரை மணிக்கு நின்றது. முன்விளக்கும் இல்லை, பின்விளக்கும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் கடைசி நொடியில்தான் என்னைப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு மெட்ரோ பாலத்தின் கீழே ஒதுங்கியபோது, இதை இனி அனுமானத்தை நம்பிப் பழுதுபார்க்கக் கூடாது என்று உறுதி செய்துகொண்டேன்.

அல்சூர்க் கடையில் முதலில் கிடைத்தது ஒரு கேள்வி. மற்ற இரண்டு இடங்களிலும் வண்டியைப் பார்த்தவுடன் ஸ்பேனரை எடுத்தார்கள், இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்ப போகுது சார்? குலுக்குலயா, சூட்டுலயா, தண்ணியிலயா?" என்று கேட்டார். அப்போது அது சாதாரண விசாரிப்பாகத்தான் பட்டது. வேலை முடியும்போதுதான், பாதிப் பழுது அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டிருந்தது என்பது புரிந்தது. குலுக்கலில் மின்சாரம் போனால் சந்தேகம் இணைப்புகளின் மேல் விழுகிறது: ஃப்யூஸ் பாக்ஸ், பேட்டரி டெர்மினல், எர்த் போல்ட், ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி உறைக்குள்ளேயே கம்பி அறுந்துபோகும் கழுத்துப் பகுதி வயர்கள். சூட்டில் போனால் மேக்னட் காயிலின் இன்சுலேஷனையோ, ரெக்டிஃபயரையோ, மின்னோட்டம் அதிகமாகப் போகும் ஏதாவது ஒரு கப்ளரையோ (வயர்களைச் சொருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு) பார்க்க வேண்டும். தண்ணீரில் போனால் ஹேண்டில் சுவிட்சுகளும், பச்சை பூத்த கப்ளர்களும், மழை நேரடியாக இறங்கும் சாவி சுவிட்சும் முன்னுக்கு வரும்.

நான் மழையைத்தான் சொன்னேன், கடைசி முறை மழையில் நின்றதால். அவர் விடாமல் மற்ற இரண்டு முறைகளையும் கேட்டார். ஒன்று வேகத்தடை, ஒன்று பள்ளம். இரண்டு நாளும் மழை இல்லை. மூன்று முறையும் இரவு. நானே கவனிக்காமல் விட்ட செய்தி அது. இரவு என்றதும் அவர் பார்வை, முன்பக்கக் கிராஷ் கார்டில் மாட்டியிருந்த இரண்டு ஃபாக் லேம்புகளின் மேல் போனது. அவற்றை யார் போட்டார்கள், எங்கிருந்து மின்சாரம் எடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டார். அதன்பின்தான் சீட்டைக் கழற்றினார்.

அன்று காலை வண்டி முழுவதும் செத்த நிலையில் இல்லை. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் அதுவும் அணைந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 12.6 வோல்ட். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.8 வரை காட்டும்; 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆக பேட்டரி நன்றாக இருந்தது. ஃப்யூஸின் இரு பக்கமும் வைத்தார்: இரண்டிலும் 12.6. இந்தச் சோதனையை நான் முந்தைய இரவே வீட்டில் என்னுடைய சிறிய மல்டிமீட்டரை வைத்துச் செய்து, ஃப்யூஸ் வரை வழி சரி என்று முடிவுகட்டியிருந்தேன். அதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இழுப்பறையிலிருந்து, 21 வாட் பிரேக் லைட் பல்பில் இரண்டு வயர்களை ஈயம் வைத்து ஒட்டிய தன்னுடைய டெஸ்ட் லேம்பை எடுத்தார். பேட்டரியில் தொட்டதும் பல்பு வெள்ளையாக எரிந்தது. ஃப்யூஸ் பாக்ஸைத் தாண்டிய வயரில் தொட்டபோது, இழை மட்டும் சிவந்து நின்றது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன். வீட்டில் மீட்டர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கிவிழும் இடம் இதுதான். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். அது வயரிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வழியில் 10 ஓம் தடையுள்ள ஒரு கெட்ட இணைப்பு இருந்தாலும், பல இழைகளில் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருந்தாலும், மீட்டர் முழு 12.6 வோல்ட்டைத்தான் காட்டும். ஆனால் 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் கேட்கிறது. அந்த மின்னோட்டம் 10 ஓம் தடையைத் தாண்டி வர முயலும்போது வோல்ட்டேஜின் பெரும்பங்கு அங்கேயே விழுந்துவிடுகிறது. பல்பை எரியவிட்டுக்கொண்டே மீட்டரை வைத்தபோது, 12.6 காட்டிய அதே வயர் 4 வோல்ட்டுக்குக் கீழே காட்டியது. வண்டி வயரிங்கைச் சும்மா இருக்கும்போது அளப்பதில் பயனில்லை, சுமை ஏற்றி அளக்க வேண்டும் என்பதை அவர் ஒரு பல்பைக் கொண்டு எனக்குக் காட்டினார். இதில் ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும்: இன்ஜெக்ஷன் வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வுக்குப் போகும் சென்சார் வயர்களில் இப்படிப்பட்ட பல்பை வைக்கக் கூடாது, ஈ.சி.யு. கெட்டுப்போகலாம். பிரதான மின்வழி, விளக்கு, ஹாரன் வயர்களோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவரும் சொன்னார்.

ஃப்யூஸை வெளியே இழுத்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஃப்யூஸ் அறுபடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பித்தளைக் கவ்விகளில் ஒன்று பழுப்பேறி, ஸ்பிரிங் தன்மை இழந்து அகன்றுபோயிருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஃபாக் லேம்ப் போட்டுக்கொடுத்த கடையில், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய சுமையை இயக்கும் சுவிட்ச்) வைக்காமல், ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து வெளியேறும் வயரின் தோலைச் சீவி, புதிய வயரை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். விளக்குகள் இரண்டும் சேர்ந்து 80 வாட். அதாவது சுமார் 6.7 ஆம்பியர். வண்டியின் ஹெட்லைட்டும் மற்றவையும் சேர்ந்தால் இரவில் அந்தக் கவ்வி வழியாகப் போனது ஏறக்குறைய 10 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃப்யூஸ் அதற்கு அறுபட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கவ்விக்கும் ஃப்யூஸுக்கும் இடையே 0.1 ஓம் தடை மட்டுமே இருந்தாலும், 10 ஆம்பியரில் அந்தச் சிறு புள்ளியில் 10 வாட் வெப்பம் உண்டாகிறது. வெப்பத்தில் கவ்வி தளர்கிறது, தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் வெப்பம் இன்னும் கூடுகிறது. கடைசியில் ஒரு வேகத்தடை போதும்.

முந்தைய இரண்டு பழுதுபார்ப்புகளும் சில வாரம் பலித்ததுபோல் தோன்றியது ஏன் என்பதையும் அவரிடம் கேட்டேன். பேட்டரியை மாற்றுகிறவர் சீட்டைக் கழற்றுகிறார், வயர்களை ஒதுக்குகிறார், பாதுகாப்புக்காக ஃப்யூஸை இழுத்து மறுபடியும் சொருகுகிறார். ரெக்டிஃபயர் மாற்றியவரும் அதையேதான் செய்திருப்பார். சொருகும்போது கவ்வியின் கரிபடிந்த மேற்பரப்பு சற்று உரசிச் சுத்தமாகி, சில நாளுக்குப் பிடிப்பு கிடைத்துவிடுகிறது. வாடிக்கையாளர் புதுப்பொருளால் சரியானது என்று நம்புகிறார். மெக்கானிக்கும் அப்படியே நம்புகிறார். அந்த இருவரும் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அளக்காமல் மாற்றுகிற வேலையில், மாற்றியது தவறு என்பது வேலை செய்தவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு இதில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம், ஏனென்றால் இந்த வகைப் பழுதில் வண்டி ஷெட்டில் நிற்காது, இரவில் சாலை நடுவே நிற்கும்.

கழற்றிய பழைய ரெக்டிஃபயரை நான் பக்கப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஃப்யூஸ் வேலை முடிந்தபின், அதையும் மாட்டிப் பார்த்துவிடலாம் என்று அவராகவே சொன்னார். எஞ்சினை 4,000 சுற்றில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி முனைகளில் அளந்தார்: புதியதில் 14.1 வோல்ட், பழையதில் 14.0. பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இந்த அளவு 13.5க்கும் 14.5க்கும் இடையே இருந்தால் சார்ஜிங் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். 15ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்து வீணாகும். மேக்னட் காயிலின் மூன்று மஞ்சள் வயர்களையும் ஒன்றோடொன்றும் எஞ்சின் உடலோடும் அளந்து, எதுவும் எர்த்தில் இடிக்கவில்லை என்று காட்டினார். ஆக நான் கொடுத்த 950 ரூபாய் தேவையற்ற செலவு. பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். அது இப்போது வீட்டில் மாற்றுப் பொருளாக இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது இன்னொன்றையும் பார்த்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முள்ளையும் எஞ்சின் உடலில் மறுமுள்ளையும் வைத்து, செல்ஃபை அழுத்தச் சொன்னார். ஒரே எர்த் வழியின் இரு முனைகள் என்பதால் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், 0.9 வோல்ட் வந்தது. எர்த் வயரின் வளையம் எஞ்சினில் உட்காரும் இடத்தில் துருவும் பழைய பெயின்ட்டும் இருந்தன. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினார். அதன்பின் 0.1 வோல்ட். நான் வந்தது இந்தக் குறைக்காக இல்லை. இதற்காக அவர் தனியாகப் பணமும் கேட்கவில்லை.

ஃபாக் லேம்புகளை அதே வயரில் திரும்ப இணைக்க அவர் சம்மதிக்கவில்லை. கடையில் நல்ல ரிலே தீர்ந்துபோயிருந்ததால், ஜே.சி. ரோட்டுக்குப் போய் நான்கு கால் ரிலேயும் தனி ஃப்யூஸ் ஹோல்டரும் வாங்கி வரச் சொன்னார். நான் வாங்கி வந்ததும், பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண்ணிட்ட காலுக்கும், 87இலிருந்து விளக்குகளுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, பழைய சுவிட்சை ரிலேயின் காயிலை மட்டும் இயக்கும்படி மாற்றினார். காயிலுக்குத் தேவைப்படுவது ஓர் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், வண்டியின் சொந்த வயரிங்கிலும் சாவி சுவிட்சிலும் இப்போது கூடுதல் சுமை கிடையாது. உருகிய ஃப்யூஸ் பாக்ஸுக்குப் பதிலாக மூடியுள்ள பிளேடு வகை ஹோல்டர். இணைப்புகள் அனைத்தையும் ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி மூடினார். ஈயம் வைத்த இடத்தின் விளிம்பில் வயர் விறைத்துப்போய், அதிர்வில் முறியும் வாய்ப்பு உண்டு. சரியான கருவியால் கிரிம்ப் செய்வதே (உலோக முனையை வயரோடு அழுத்தி இறுக்குவதே) நல்லது என்பது என் கருத்து. அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் இருபுறமும் வயரை ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டி, அசைவே இல்லாமல் செய்தார். அது நியாயமான தீர்வு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு முழு நிறைவில்லை.

கூலி 400, ஃப்யூஸ் ஹோல்டர் 120, நான் வாங்கி வந்த ரிலேக்கும் மற்றவற்றுக்கும் 260. மொத்தம் 780 ரூபாய். நேரம், ஜே.சி. ரோட்டுக்குப் போய் வந்ததையும் சேர்த்து, நான்கரை மணி.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, மழை வந்தால் நீங்களும் வண்டியும் நனைய வேண்டியதுதான். பில் தரமாட்டார்; கேட்டால் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவார், அதை வைத்து வாரண்டி எதையும் கோர முடியாது. அளந்த எண்களை அவர் எழுதி வைப்பதில்லை; நான் என் கைபேசியில் குறித்துக்கொண்டதால்தான் இங்கே எழுத முடிகிறது. ஸ்கேனர் கருவி இல்லாததால் இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஈ.சி.யு. சார்ந்த கோளாறு என்றால் எடுத்துக்கொள்ளமாட்டார். அன்று என் கண்முன்னேயே அப்படி ஒருவரை, பேட்டரியும் எர்த்தும் மட்டும் பார்த்துக் கொடுத்து, பணம் வாங்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வண்டிக்கு மேல் பார்ப்பதில்லை. ஆகவே காலை பத்து மணிக்குக் கடை திறக்கும்போதே போய்விடுவது நல்லது. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான் என்பதால் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம்; ஆனால் முடிந்தால் உடனிருந்து பாருங்கள். கேட்டால் ஒவ்வொன்றையும் தமிழிலோ கன்னடத்திலோ பொறுமையாக விளக்குகிறார்.

போவதற்கு முன், உங்கள் வண்டி எப்போதெல்லாம் நின்றது என்பதை நினைவுபடுத்தி எழுதிக்கொண்டு போங்கள்: பகலா இரவா, பள்ளத்திலா சிக்னலிலா, கிளப்பி எவ்வளவு நேரத்தில், ஹேண்டிலைத் திருப்பியபோதா, கூடுதலாக ஏதாவது மாட்டிய பிறகா. அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கடையிலிருந்து வண்டியை எடுத்து வந்து இரண்டு மழை மாதங்கள் கடந்துவிட்டன. இரவில் ஓசூர் வரை மூன்று முறை போய் வந்திருக்கிறேன். சென்ற வாரம் சீட்டைக் கழற்றி, ஹெட்லைட்டை எரியவிட்டு, ஃப்யூஸ் ஹோல்டரின் இரு முனைகளுக்கு இடையே அளந்தேன்; 0.04 வோல்ட் காட்டியது. ஹோல்டரைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.